இத்தாலி பைக்கில் ஏறிய கல்யாணக் கேக்

இரண்டு வருடங்களுக்கு முன், மட்டக்களப்பில் கச்சான் காற்று முகத்தைப் பொசுக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம், மண்டூர்த் துறையிலிருந்து உள்ளே வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டு. அன்று அந்த ரோட்டில் போனவர்கள் யாராவது இதை வாசித்தால், 'ஆ, அந்தப் பொம்பிளையா!' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பொம்பிளை நான்தான்.

நான் காத்தான்குடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவள். என் கேக்கைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: பட்டர் ஐசிங்கை என்னளவு வழுவழுப்பாக இழுக்கிற கை எங்கள் ஊரில் குறைவு. கணவர் பல வருடம் கட்டாரில் இருந்தார். அந்தக் காலமெல்லாம் வீடு, பிள்ளைகள், உம்மாவின் மருந்து, கேக் வியாபாரம் எல்லாம் என் தலையில். அவர் ஃபோனில் பேசுவார். அதைச் செய் புள்ள, இதைச் செய் புள்ள என்பார். நான் 'ஓம், ஓம்' என்று கேட்டுவிட்டு, எனக்குச் சரியென்று பட்டதைச் செய்வேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இங்கத்த மேடு பள்ளம் எப்படித் தெரியும்?

பிறகு அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்தவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. சின்னதாக ஓர் ஓட்டோ. பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தட்டு அடித்தால், கேக்கை ஆடாமல் அசையாமல் கொண்டு போகலாம். மனிதர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நல்லதாக ஒன்று பார்த்து வருகிறேன் என்று கொழும்புக்குப் போனார். மூன்றாம் நாள் பின்னேரம், எங்கள் ஒழுங்கையே அதிர ஒரு சத்தம். கேற்றைத் திறந்தால், சிவப்புச் சிவப்பாய் ஒரு பைக்கில் இருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஓட்டோ எங்க?" என்றேன்.

"புள்ள, முதல்ல சத்தத்தக் கேளு" என்றார்.

இத்தாலியில் செய்த பைக்காம். கட்டாரில் அவர் வேலை செய்த கட்டடத்துக்குக் கீழே இதே மாதிரி ஒன்று நிற்குமாம். ஒவ்வொரு நாளும் அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு ஏறுவாராம். கொழும்பில் ஒருவர் பாவித்ததை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓட்டோ அவருக்கு மறந்தே போய்விட்டது. முன்னுக்கு மூடி இல்லை, பக்கத்துக்குத் தகடு இல்லை, இன்ஜின் எல்லாம் வெளியே தெரிகிறதே என்று கேட்டேன். அதுதான் இதன் அழகாம். இந்த மாதிரிப் பைக்குக்குப் பெயரே 'நேக்கட்' பைக்காம், உடுப்பில்லாத பைக் என்று அர்த்தமாம். 'அஸ்தஃபிருல்லாஹ்!' என்று உம்மா உள்ளே போய்த் தன் பழைய சேலை ஒன்றை எடுத்து வந்து அதன் மேல் போர்த்திவிட்டா.

அழகு இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சிவப்புக் குழாய்களைக் கூடை முடைந்த மாதிரி வளைத்துச் செய்த சட்டம், அதற்குள் தொங்கும் இன்ஜின், மாட்டுத் திமில் போல எழும்பி நிற்கும் பெற்றோல் டாங்கி. பின்னேர வெயிலில் ஈச்சமரங்கள் நிற்கும் எங்கள் பெரிய ரோட்டில் அவர் அதில் போனால், கடை வாசலில் கணக்குப் பார்க்கிற கிழவர்கூடத் தலையை நிமிர்த்துவார். சத்தமும் றபான் மேளம் அடிக்கிற மாதிரி நெஞ்சுக்குள் விழும். என் புருஷன் அதில் இருந்தால் பத்து வயது குறைந்துதான் தெரிந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் பகுதியில் மோட்டார் சைக்கிள் என்றால் அது வீட்டில் ஓர் ஆள். நெல்லு மூட்டை ஏறும், காஸ் சிலிண்டர் ஏறும், மீன் பெட்டி ஏறும், மாமியும் மருமகளும் சேர்ந்தே ஏறுவார்கள். இதில் ஒரு சோற்றுப் பார்சலைக் கொழுவ ஓர் இடமில்லை. பின் சீட் பூனை படுக்கிற அளவு, அதுவும் மரத்தில் ஏறிய மாதிரி உயரம், முன்னுக்குச் சரிவு. பிடிக்க ஒரு கம்பியில்லை. அவர் பிறேக்கை லேசாகத் தொட்டால் நான் வழுக்கிப் போய் அவர் முதுகில் மோதுவேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னுக்கு வரும் வாகனம் தெரியாது, அவருடைய முழங்கைதான் தெரியும். மெதுவாக ஓடினால் இன்ஜின் கொதித்து வலக்காலைச் சுடும். ஒரு நாள் வாசலில் சரிந்து கிளச் லீவர் உடைந்தது, புதியது கொழும்பிலிருந்து வரும்வரை பைக் உம்மாவின் சேலைக்குள்ளேயே கிடந்தது. நான் அதற்கு 'இத்தாலிக்காரி' என்று பெயர் வைத்தேன். எனக்கு வாய்த்த சக்களத்தி. அவர் காலையில் எழும்பி முதலில் அவளைத் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் தேநீர் கேட்பார். விட்டுவிடுவேனா? ஊசி ஏற்றுகிற மாதிரி ஒரு நாளைக்கு ஒரு கதை சொல்லாமல் நான் தேநீர் கொடுத்ததில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்த ஓர்டர் வந்தது. மண்டூருக்கு அங்காலே ஒரு கிராமத்துப் பெண்பிள்ளை, மட்டக்களப்பு நகரத்தில் வேலை செய்கிறவள். யாரோ ஒருவருடைய பிறந்தநாளில் என் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறாள். அவளே ஃபோன் எடுத்தாள். "அக்கா, எனக்குக் கல்யாணம். உங்கட கேக்குத்தான் வேணும். ரெஜிபோமில செஞ்ச பொய்க் கேக்கு வேணாம், முழுக்க உண்மையான கேக்கு வேணும்" என்றாள். வாவிக்கு இந்தப் பக்கம் கடலோரம் எழுவான்கரை, அந்தப் பக்கம் வயல்கள் எல்லாம் படுவான்கரை. அந்தக் கரையிலிருந்து எனக்கு வந்த முதல் ஓர்டர் அது. அதுவும் ஒரு தமிழ்க் கல்யாண வீட்டிலிருந்து. இது சரியாகப் போனால் அந்தக் கரை முழுக்க என் பெயர் போகும். பிழைத்தால் அதுவும் போகும், வேறு மாதிரி. அன்றிரவு சந்தோஷத்திலும் பயத்திலும் எனக்கு நித்திரையே வரவில்லை.

நேரந்தான் நெருக்கடி. எங்கள் பகுதித் தமிழ்க் கல்யாணங்களில் பெண் வீட்டில் தாலி கட்டி முடிந்த பிறகு, மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் தடவையாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். கால்மாறிப் போவது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு இராகு காலம் தொடங்கிவிடும், அதற்கு முன் அவர்கள் வாசலைத் தாண்ட வேண்டும். கேக் வெட்டுவது அதற்கும் முன்னுக்கு. நாலு மணிக்குக் கேக் மேசையில் இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் சொன்னாள்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒருவருடைய ஓட்டோவைப் பிடித்தேன். ரோட்டால் சுற்றிப் போகாமல் குருமண்வெளியில் பாதை ஏறிப் போவதென்று முடிவெடுத்ததும் நான்தான். பாதை என்று நாங்கள் சொல்வது வீதியை இல்லை, வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையை. தண்ணீர்மேல் போனால் கேக்குக்குக் குலுக்கம் குறைவு என்பது என் கணக்கு. "பட்டிருப்புப் பாலத்தால போவம் புள்ள, அதான் நிச்சயம்" என்று கணவர் சொன்னார். வழக்கம்போல நான் கேட்கவில்லை. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் ஓட்டோவுக்குப் பின்னால் வந்தார். மந்திரிக்குப் பாதுகாப்பு வாகனம் வருகிற மாதிரி வருகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

பாதையில் ஏறினோம். கச்சான் காற்றில் வாவி அலையடித்தது. நான் ஓட்டோவுக்குள் திரையை இழுத்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மற்றப் பைக்குகள் எல்லாம் நடு ஸ்டாண்டில் கம்பீரமாக நின்றன. இத்தாலிக்காரிக்கு நடு ஸ்டாண்ட் கிடையாது, பக்க ஸ்டாண்ட் மட்டுந்தான். மிதவை ஆட ஆட, இவர் கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரை வரும்வரை நின்றார். சனம் சுற்றி நின்று பார்த்தது. ஒருவர், "எவ்வளவு ஓடும் தம்பி?" என்று கேட்டார். இவர் பெருமையோடு வேகத்தைச் சொன்னார். "அதில்ல, ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்றார் அவர். இவர் வாவியைப் பார்த்தார். திரைக்குள் இருந்து நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு மண்டூர்த் துறை வரைக்குந்தான். பாதையிலிருந்து இறங்கி மேட்டில் ஏறும்போது ஓட்டோவின் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமுகிறது, சில்லு சுற்றவில்லை. ஓட்டோக்காரர் கீழே குனிந்து பார்த்துவிட்டு எழும்பும்போதே அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"அக்சில் உடஞ்சிட்டு ராத்தா. இனி இது போகா."

மணி மூன்று தாண்டியிருந்தது. துறையில் எந்நாளும் நிற்கும் ஓட்டோக்கள் எல்லாம் அந்தக் கல்யாணத்துக்கே சனம் ஏற்றப் போய்விட்டன. பெண் வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். அவர்களுடைய வான் மாப்பிள்ளை பகுதி ஆட்களைக் கூட்டி வரப் போயிருக்கிறதாம், திரும்பி வந்து என்னிடம் வரும்போது நாலரை ஆகிவிடும். அதுவரைக்கும் இந்த வெயிலில் பட்டர் ஐசிங் நிற்குமா? பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு தட்டுக் கேக், வெள்ளை மேனியில் நானே ஒவ்வொரு இதழாகச் செய்த ரோஜாக்கள். பக்கத்தில் மெல்ல வியர்க்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் மட்டும் ஐசிங் இறுகுமா?

கணவர் பைக்கின் பக்கத்தில் நின்றார். பட்டிருப்பால் போவோம் என்று சொன்னேனே என்று சொல்லிக் காட்டவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் வாவிக்குள் தள்ளிவிட்டிருப்பேன்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க? உங்கட இத்தாலிக்காரிய எடுங்க" என்றேன்.

முதலில் வழக்கம்போல அவருக்குப் பின்னால் ஏறி, பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்துப் பார்த்தோம். அவர் பைக்கை இரண்டடி நகர்த்தி நிறுத்தினார். அவ்வளவுதான், நான் சரிவில் வழுக்கிப் பெட்டி அவர் முதுகில் நசியப் பார்த்தது. இன்ஜின் சூடும் நேராகப் பெட்டிக்கு அடியில் வந்தது. ஒரு பக்கமாகக் கால் போட்டு இருந்து பார்த்தேன். பிடிக்கக் கம்பியில்லை, இரண்டு கையும் பெட்டியில். முதல் வளைவிலேயே நானும் கேக்கும் வயலுக்குள் போய்விடுவோம். இறங்கி நின்று அந்தப் பைக்கை ஒரு தரம் சுற்றிப் பார்த்தேன். அதில் சூடு படாத, எதிலும் இடிபடாத ஒரே இடம் வாலுக்கு மேலே இருந்த வெறும் வெளிதான்.

"நான் கிறுகி இரிக்கப் போறன்" என்றேன்.

"என்ன?"

"கிறுகி. உங்கட முதுகில என்ட முதுகு. கேக்கு பின்னுக்கு."

"உனக்கு விசரா புள்ள?"

"விசர்தான். அந்த விசரோடதான் இந்தப் பைக்க ஊட்டுக்குள்ள எடுத்தன்."

துறையில் இறால் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்காமலே தன் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை அள்ளிப் புதுச் சொப்பிங் பேக் இரண்டில் போட்டு முடிந்து கொண்டு வந்தாள். "இறால் மணம் வராது, நல்லா முடிஞ்சிருக்கன். அடியில வச்சுக் கொண்டு போங்க" என்றாள். தன் வியாபாரத்தின் பாதி ஐஸை அள்ளித் தந்தவள் அவள். பாதைக்காரர் தன் ஹெல்மெட்டைக் கழற்றித் தந்தார். அதில் மீன் மணம் தாராளமாகவே இருந்தது. ஓட்டோக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து தன் சாறனை எடுத்து, எங்கள் இருவரையும் இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். கல்யாண நாளில்கூட எங்களை யாரும் அப்படி முடிச்சுப் போடவில்லை.

இப்படியாக, அபாயாவும் மீன் ஹெல்மெட்டுமாக, மடியில் ஐஸ், அதன் மேல் கல்யாணக் கேக், போகிற ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன். இப்படிப் போவது சரியான காரியம் இல்லை, யாரும் செய்து பார்க்க வேண்டாம். அன்று எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தார் போட்ட கார்ப்பட் ரோட்டில் ஏறியதும் ஓர் அதிசயம் கண்டேன். மெதுவாகப் போனால் முட்டி முட்டி இழுக்கிற அந்தப் பைக், ஒரே சீரான வேகத்தில் போக விட்டதும் தண்ணீரில் தோணி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. காற்றுப் பட்டு இன்ஜின் சூடும் அடங்கியது. அவர் எப்போது கியர் மாற்றினார் என்பதே எனக்குத் தெரியவில்லை. பிறேக் பிடிக்கும்போது என் முதுகு அவர் முதுகில் மெத்தென்று சாயும், கேக் அசையாது. சும்மா படம் காட்டுகிறார் என்று நான் நினைத்திருந்த மனிதர், நிறைகுடத்தைத் தலையில் வைத்து நடக்கிற மாதிரி ஓட்டினார். இவ்வளவு நாளும் இவர் துடைத்ததை மட்டுந்தானே பார்த்தேன், ஓட்டியதைப் பார்த்தேனா?

என் கண்ணுக்கு முன்னால் வாவி சின்னதாகிக்கொண்டே போனது. துறை போனது, கோயில் பக்கத்து மரங்கள் போயின. எதிரே என்ன வருகிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு கார்ப்பட் ரோட்டு முடிந்து, வட்டைக்கு நடுவே போகும் கிரவல் ரோட்டு வந்தது. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் பரந்த வயல்வெளி. அங்கேதான் இத்தாலிக்காரியின் குணம் தெரிந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகெலும்பு வழியாக மூளைக்கு அடி வந்தது. முதல் குழியில் விழுந்தபோது பெட்டிக்குள் ஏதோ அசைந்தது.

"குழிய முன்னமே சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அதன் பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். "குழி… இப்ப!" நான் பெட்டியை மடியிலிருந்து தூக்கிவிடுவேன். பைக் விழும், எழும்பும், என் கை மட்டும் ஆகாயத்தில் அப்படியே நிற்கும். "சரி." மடியில் இறக்குவேன். "குழி… இடப்பக்கம்… இப்ப!" தூக்கு. "சரி." இறக்கு. இத்தாலிக்காரன் போடாத, குலுக்கம் தாங்கும் சொக்கப்சோபரை நாங்கள் இருவரும் சேர்ந்து போட்டோம். கொஞ்ச நேரத்தில் அவர் 'இப்ப' என்று சொல்லுமுன்னே, அவர் முதுகு இறுகுவதை வைத்தே எனக்குத் தெரிந்தது.

கட்டாரில் இருந்தபோதும் எனக்கு அவர் வெறும் குரல்தான். முகம் தெரியாது, நான் அந்தக் குரலை நம்பி ஒரு காரியமும் செய்ததில்லை. இன்றைக்கும் முகம் தெரியாத குரல்தான், முதுகுக்குப் பின்னால் இருந்து வருகிறது. ஆனால் இந்தத் தடவை குழி அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கை கடுத்தது, கண்ணுக்குள் தூசி, ஆனால் மனதுக்குள் எப்படியோ ஒரு நிம்மதி வந்துவிட்டது. இத்தனை வருடமும் முன்னுக்குப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து நொந்து போயிருந்ததென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்போது பின்னுக்கு ஒரு வான் வந்தது. மாப்பிள்ளை பகுதி ஆட்களை ஏற்றிக்கொண்டு வேறொரு ரோட்டால் வந்து சேர்ந்த வான். கண்ணாடி வழியாக அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கிறேன். ஓடி ஒளிய இடமில்லை. பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் வாயில் கையை வைத்தாள். இன்னொருத்தி ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாள். நான் என்ன செய்ய? பெட்டியில் ஒட்டியிருந்த மணமக்களின் பெயரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். வானுக்குள் ஒரே ஆரவாரம்! தங்கள் கேக் என்று தெரிந்ததும் வான் முந்திப் போகாமல், எங்களுக்குப் பின்னால் ஊர்வலம் மாதிரி வரத் தொடங்கியது.

கடைசியில் ஒரு சோதனை. ரோட்டை அடைத்துக்கொண்டு மாட்டுப் பட்டி. பைக் நின்றது. நின்றதும் இன்ஜின் கொதிக்கத் தொடங்கியது, விசிறி வீரிட்டது. மடியில் ஐஸ் கரைந்து அபாயாவை நனைத்து வழிந்தது. மாடுகள் வானின் ஹோர்னுக்கு அசையவில்லை. மணி நாலாகப் போகிறது.

"பிடிச்சுக்க" என்றார். கிளச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கினார். எங்கள் ஒழுங்கையில் நான் எத்தனையோ நாள் ஏசிய அதே சத்தம். அந்த றபான் சத்தத்துக்கு, முன்னுக்கு நின்ற நாம்பன் மாடு ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பெரிய மனிதருக்கு வழிவிடுகிற மாதிரி விலகியது. அதன் பின்னால் மற்றதெல்லாம் விலகியது. மாட்டுக்காரர் எங்களை என்னவோ சொல்லி ஏசினார். அவர் ஏசியதும் சரிதான். ஆனால் நாங்கள் போய்விட்டோம்.

கல்யாண வீட்டு வாசலில் எங்களைக் கண்டதும் மேளக்காரர்கூட ஒரு நொடி அடிக்காமல் நின்றார் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது, நான்தான் பின்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேனே. சாறனை அவிழ்த்து, கால் மரத்துப் போன என்னை நாலு பெண்கள் இறக்கினார்கள். பெண்ணின் மாமி ஓடி வந்து, "என்ட தாயே, நீயா இப்படி வந்த! கேக்கு வேணாம், முதல்ல தண்ணி குடி புள்ள" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டா. நான் தண்ணீர் குடிக்கவில்லை. நேராக மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அந்த நேரம் என் நெஞ்சு அடித்த அடி இத்தாலிக்காரியின் இன்ஜினை விடப் பெரிது.

கேக் நேராக நின்றது. இரண்டு தட்டும், அத்தனை ரோஜாவும். ஒரே ஓர் இடத்தில், எங்கள் முதல் குழியில், மூடியில் உராய்ந்து ஒரு நகத்தளவு ஐசிங் சரிந்திருந்தது. அதன் மேல் ஒரு ரோஜாவை இடம் மாற்றி வைத்தேன். எந்தப் பக்கம் என்று இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பெண் கூறைச் சேலையோடு வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேக் வெட்டி, முதல் துண்டு மாப்பிள்ளைக்கு, அடுத்த துண்டு எனக்கு. இராகு காலத்துக்கு முன்னரே இருவரும் வாசலைத் தாண்டிக் கால்மாறிப் போனார்கள்.

நான் வெளியே வந்து பார்த்தால், கல்யாண வீட்டு ஆண்கள் எல்லோரும் மாப்பிள்ளையின் காரை விட்டுவிட்டு எங்கள் பைக்கைச் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் என் கணவர், தலை முதல் கால் வரை கிரவல் தூசி. வழக்கமாக இப்படி நாலு பேர் கூடினால் இன்ஜினைப் பற்றித் தொடங்கி இரவாகும்வரை கதைப்பவர். அன்றைக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. "என்ட மனிசி செஞ்ச கேக்கு. அவ கை ஒரு தரங்கூட ஆடல்ல." நான் கேட்டுக்கொண்டு நின்றதை அவர் காணவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று நான் நல்லா அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

திரும்பி வரும்போது, இப்போது முன்னுக்குப் பார்த்து இருக்கலாமே என்றார். இருந்தேன். முன்னுக்குப் பார்த்தாலும் தெரிந்தது அவருடைய முதுகுதான். துறையில் இறால்காரப் பெண்ணுக்கு ஒரு துண்டுக் கேக் கொடுத்தோம், பாதைக்காரருக்கு ஹெல்மெட்டும் கேக்கும். ஓட்டோக்காரர், அவருடைய சாறனை நாங்கள் நீட்டியபோது வாங்க மறுத்து, ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது என்னிடம் ஓட்டோ இருக்கிறது. நான் கேட்ட மாதிரியே தட்டு அடித்த ஓட்டோ, ஓட்டுவதும் நானே. ஆனால் படுவான்கரையில் இருந்து ஓர்டர் கொடுக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்தச் சிவப்புப் பைக்கும் வருந்தானே?" வரும். எனக்கு முன்னால் அவர் இத்தாலிக்காரியில் போவார். குழி வந்தால் இடக்கையை உயர்த்துவார், நான் வேகத்தைக் குறைப்பேன். அவளில் இன்றைக்கும் ஒரு சோற்றுப் பார்சல் வைக்க இடமில்லை, உதிரிப்பாகம் இன்றைக்கும் கொழும்பிலிருந்துதான் வருகிறது, தேநீர் கொடுக்கும்போது நான் இன்றைக்கும் ஏசுகிறேன். அவளை விற்போமா என்று ஒரு நாள் அவர் கேட்டபோது மட்டும் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

என் பிழைப்பையே மடியில் வைத்துக்கொண்டு, எதிரே வருவது ஒன்றும் தெரியாமல், ஒரு மனிதரின் குரலை மட்டும் நம்பி முதுகைக் காட்டிப் போன அந்த ரோட்டுத்தான், என் வாழ்க்கையில் நான் ஆகவும் தலைநிமிர்ந்து போன ரோட்டு.